கிரேன்காரர் கையை எடுத்துவிட்டார்

அந்த வீட்டில் டிவி மூன்று, செட்டாப் பெட்டி ஒன்றே ஒன்று. மொட்டைமாடிச் சுவரில் டிஷ். அதிலிருந்து இறங்குகிற ஒயர், கூடத்து அலமாரியில் இருக்கும் பெட்டிக்குள் நுழையும். பெட்டியின் முதுகிலிருந்து ஒரு ஒயர் கூடத்து டிவிக்குப் போகும். இன்னொன்று கதவு நிலைக்கு மேலே ஆணி ஆணியாகத் தொத்திக்கொண்டு போய், இரண்டாகப் பிரிந்து, மகன் மருமகள் அறைக்கு ஒன்றும் பின்னறைக்கு ஒன்றுமாகச் சேரும். ஆக, கூடத்தில் என்ன ஓடுகிறதோ அதுதான் மூன்று அறையிலும் ஓடும். கூடத்தில் ஒருத்தி அழுதால் வீடு முழுக்க அழுகைச் சத்தம். அறைக்கொரு பெட்டி வைக்க இதென்ன விடுதியா என்று சொல்லி, மகன்தான் ஒரு விடுமுறை நாளில் ஸ்டூலைப் போட்டு ஏறி இத்தனை ஒயரையும் இழுத்தான். இழுத்தவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

பின்னறையில் படுத்திருந்தவர் கிரேன்காரர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர் மனைவி கிரேன்காரம்மா.

இரும்புக் கிடங்கில் தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அவருடையது. அவருடையது என்றால் முதலாளியுடையதுதான். ஆனால் அவர் ஓய்வுபெறும்வரை வேறு யாரும் அந்தக் கூண்டில் உட்கார்ந்து பழகவில்லை. காலையில் ஏணியேறிப் போனால் சாப்பாட்டுக்குக்கூட இறங்க மாட்டார். வலது கைப் பிடி பாரத்தை நகர்த்தும், இடது கைப் பிடி தூக்கும், இறக்கும். கீழே நிற்பவன் கையசைப்பான், மேலே இவர் கையசைப்பார், நடுவில் ஒரு லாரிப் பாரம் இரும்பு தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே பேச்சுக்கு வேலையே இல்லை.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினால், ரேடியோவைக் குறை. ஒரு விரலை மேல்நோக்கிச் சுழற்றினால், சோறு இன்னும் கொஞ்சம். முஷ்டியை மூடிவிட்டால், போதும் நிறுத்து. கல்யாணமான புதிதில் கிரேன்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏங்க, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கேட்பாள். அதற்கும் ஒரு கையசைப்புத்தான் பதில். போகப் போக அவளுக்கும் அது பழகிவிட்டது. பிள்ளைக்கு 'அப்பா' என்று சொல்ல வருவதற்கு முன்பே விரலைச் சுழற்றத் தெரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பக்கவாதம் அடித்துப் போட்டது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. "பேச்சு போனதுல அவருக்கு என்னங்க பெரிய வித்தியாசம்?" என்று எதிர்வீட்டுக்காரி, சிரிக்க வைக்கலாம் என்று நினைத்துத்தான், சொன்னாள். கிரேன்காரம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

மிஞ்சியது இடது கை ஒன்று. கட்டிலின் கம்பியைப் பிடித்து அவரே புரண்டு படுப்பார். கரண்டியைப் பிடித்து அவரே சாப்பிடுவார். பாதி சட்டையில் சிந்தும், சிந்தட்டுமே, யார் கேட்கப் போகிறார்கள்? தலையை அவரே சீவிக்கொள்வார். அந்தக் கை இருந்தவரைக்கும் கிரேன்காரம்மாவுக்கு அவர் இருந்தார். "உங்க சைகை எல்லாம் இடது கைக்கு மாத்தல் ஆயிடுச்சு, அவ்வளவுதானே?" என்று அவரிடம் சொல்லி, தன்னையும் தேற்றிக்கொள்வாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் மகன் இன்னொரு வேலையும் செய்திருந்தான். மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் கண், அதன் வாலில் ஒரு சின்ன ஒயர். அதைப் பின்னறை டிவிக்குப் பின்னால் சொருகி, கண் மட்டும் மேல் விளிம்பில் தெரியாமல் தெரிகிற மாதிரி ஒட்டிவைத்தான். அந்த அறையில் ரிமோட்டை அமுக்கினால் கண் அதைப் பார்த்து, வந்த ஒயர் வழியாகவே திருப்பிக் கூடத்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி சேனலை மாற்றும். அப்பா படுத்தபடியே மாற்றிக்கொள்ளட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஆனால் ஒன்று, இந்தக் கண் சங்கதியை அவன் மனைவியைத் தவிர யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. கிரேன்காரம்மாவைப் பொறுத்தவரை அது டிவியில் இருக்கும் இன்னொரு உறுப்பு. கிரேன்காரருக்கு அதுவும் தெரியாது. அவர் கையில் இன்னொரு ரிமோட்டைக் கொடுத்தார்கள், அவர் அமுக்கினார், படம் மாறியது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

அன்றிலிருந்து பிடித்தது வீட்டுக்கு வினை. கிரேன்காரர் எதையும் பார்க்க மாட்டார். மாற்றுவார். முதல் சேனலிலிருந்து கடைசிவரை போவார், அங்கிருந்து முதலுக்கு வருவார். கிரேன்காரம்மா கட்டிலருகே உட்கார்ந்து, "ஏதாவது ஒண்ணைப் பாருங்களேன், கண்ணு வலிக்குது" என்று கெஞ்சுவாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்குவார். ஒரு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. கூண்டில் உட்கார்ந்திருந்த முகம் அது. அவர் கையசைத்தால் இன்னமும் ஏதோ ஒன்று நகர்கிறது. அதற்குப் பிறகு அவள் கெஞ்சவில்லை.

ஆனால் இவர் மாற்றினால் கூடத்திலும் அல்லவா மாறும்! தொடரில் ஒருத்தி மாமியாருக்கு விஷம் கலந்து எடுத்துக்கொண்டு வருகிறாள், மருமகள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், சட்டென்று திரையில் ஒருவர் தொப்பை குறைக்கும் பெல்ட் விற்கிறார். மருமகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "அத்தை, மாமா அந்தம்மாவைக் காப்பாத்திட்டார்!" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பாள். அந்தப் பெண்ணுக்குத் தங்கமான மனசு, சும்மா சொல்லக் கூடாது.

மகனுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் தண்ணீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற மேசையில் வேலை பார்த்தான். காலையிலிருந்து மாலைவரை ஊரார் குறையெல்லாம் அவன் காதில்தான். குழாய் உடைந்தாலும் அவன்தான் திட்டு வாங்க வேண்டும், தண்ணீர் கலங்கி வந்தாலும் அவன்தான். இருக்கிற பொறுமையை அங்கேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான்.

"அரை மணி நேரம் ஒரே படத்தைப் பார்க்கக் கூடாதா நான்? அது அவ்வளவு பெரிய ஆசையா?" என்று ஒரு நாள் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தான்.

"உங்கப்பாடா அவர். வேணும்னேவா பண்றார்?" என்றாள் கிரேன்காரம்மா.

"வேணும்னுதாம்மா பண்றார். ஒண்ணையும் பாக்கறதில்ல. சும்மா மாத்தறார்."

"மாத்தட்டுமே. வேற என்ன இருக்கு அவருக்கு?"

அவன் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனான். விளக்கிச் சொல்லியிருக்கலாம் அவள். அந்த முகத்தைப் பற்றி, கூண்டைப் பற்றி. அடுப்பில் பால் இருந்தது, போய்விட்டாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிற இறுதி ஆட்டம். மகனின் அலுவலக நண்பர்கள் நாலைந்து பேர் வந்து கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரம்மா டீ போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனாள். ஆட்டம் தொடங்கும் முன் மகன் எழுந்து, "அப்பாவை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரேன்" என்று பின்னறைக்குப் போனான். நண்பர்கள் முன்னாலும் அப்பாவை நினைக்கிறானே என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஆட்டம் கடைசிவரை ஒரு தடவைகூட மாறவில்லை. ஜெயித்தாகிவிட்டது, கூச்சல் போட்டாகிவிட்டது, எல்லாரும் கலைந்தும் போனார்கள்.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னறையிலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். கிரேன்காரர் கையை நீட்டி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். திரையில் அதே ஆட்டக்காரர்கள் அதே கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அமுக்கினார். மாறவில்லை. கையை இன்னும் எட்டி நீட்டி அமுக்கினார்.

"குடுங்க இப்படி" என்று வாங்கி, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். ரிமோட் கேட்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் பெட்டிக்கு நேராகப் பிடித்துத்தானே பார்க்க வேண்டும்? பிடித்தாள், அமுக்கினாள். படம் மாறியது. பின்னறையிலும் சத்தம் மாறியது அவள் காதில் விழுந்தது. இன்னும் நாலைந்து தடவை அமுக்கினாள், எல்லாத் தடவையும் மாறியது. திரும்பி வந்து அவர் கையில் வைத்தாள்.

"ரிமோட்டுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான் அமுக்கினேன், மாறிச்சு பாருங்க. நீங்க கொஞ்சம் நல்லா அழுத்தி அமுக்குங்க."

அவர் அழுத்தினார். கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். திரையில் எதுவும் நடக்கவில்லை.

கிரேன்காரர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை, பிறகு புறங்கையை. வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ரிமோட்டை ஸ்டூலின் மேல் வைத்தார், கையை உடம்போடு ஒட்டிப் படுக்கையில் வைத்தார். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிரேன்காரம்மா மிச்சத்தைப் பெருக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கரண்டியை நீட்டினாள். கை எழவில்லை. விரலைப் பிரித்துக் கரண்டியை வைத்தாள்; அது நழுவித் தரையில் விழுந்தது. "புரளுங்க, துணி மாத்தணும்" என்றாள். கம்பிக்குக் கை போகவில்லை. அவளும் மருமகளும் சேர்ந்து புரட்டினார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, இந்தப் பக்கமும் போய்விட்டதா?

டாக்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், அவசரப்படாமல் பார்த்தார். ஊசியால் விரலைத் தொட்டதும் விரல் சுருங்கியது. முழங்கையைத் தட்டினார், துள்ளியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தலையைப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி எந்த ரத்தக்குழாயும் அடைக்கவில்லை.

"கையில குறை ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். "வலு இருக்கு. அவர்தான் தூக்க மாட்டேங்கறார். இப்படியே போட்டு வச்சார்னா மூட்டு இறுகிடும். புரள மாட்டார், உட்கார மாட்டார். படுக்கைப்புண் வரும், நெஞ்சுல சளி கட்டும். அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியாவது அவரே தூக்கணும்."

கேட்டுக்கொண்டிருந்த மகன் முகத்தில் ஈயாடவில்லை.

எப்படியாவது என்றால் எப்படி? கிரேன்காரம்மா கொஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "என்னை ஒரு அடி அடிங்களேன், அதுக்காவது தூக்குங்களேன்" என்று அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விட்டதும் அது படுக்கையில் விழுந்தது. இடுப்பில் முதல் புண் வந்தது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் பாதி உள்ளே, பாதி கழுத்தில். துடைத்துத் துடைத்து அவர் கழுத்துத் தோல் சிவந்துபோயிருந்தது. மனிதர் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கூடத்தில் இப்போது ஒரே படம்தான் ஓடியது. மாற்ற ஆளில்லை. மருமகளுக்குத் தொடரில் யார் யாருக்கு விஷம் வைத்தாள் என்பது ஒரு தடங்கலும் இல்லாமல் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு மனசில்லை. பாதியில் எழுந்து வந்து மாமனாரின் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போவாள். மகன் டிவியைப் போடுவதையே விட்டுவிட்டான். ஒரு நாள் அவன் பின்னறை டிவிக்குப் பின்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்ததைக் கிரேன்காரம்மா பார்த்தாள். ஒட்டடையைத் தட்டுகிறான் என்று விட்டுவிட்டாள்.

ஒரு பிற்பகல், ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்னறையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலின் மேல் ரிமோட் தூசி படிந்து கிடந்தது. அதையும் எடுத்து ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தாள். திரையில் படம் மாறியது.

கூடத்திலிருந்து மருமகள் ஓடி வந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாத்திட்டாரா? அத்தை, மாமா மாத்திட்டாரா?"

கட்டிலைப் பார்த்தாள். அவர் கை கிடந்த இடத்தில் கிடந்தது. கிரேன்காரம்மாவின் கையில் ரிமோட். மருமகளின் முகம் விழுந்துபோயிற்று.

கிரேன்காரம்மா ரிமோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே நின்று அமுக்கினாலே மாறுகிறதே! அன்றைக்கு அவர் இதே அறையில்தானே அமுக்கினார், நகம் வெளுக்க வெளுக்க அமுக்கினாரே, ஏன் மாறவில்லை?

"இதோ இந்தக் கண்ணு வழியாத்தான் அத்தை பெட்டிக்குப் போகும்" என்று மருமகள் டிவியின் விளிம்பைக் காட்டினாள். "பின்னாடி ஒயரைப் புடுங்கினா இங்கிருந்து மாறாது. ஆனா யார் புடுங்கி..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

மகன் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கிரேன்காரம்மா அவனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒயரைப் புடுங்கினியாடா நீ?"

அவன் திருதிருவென்று விழித்தான். "ஒரு மணி நேரத்துக்குன்னுதாம்மா புடுங்கினேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்திருந்தாங்க. அப்புறம் மறந்துட்டேன்."

"மறுநாள் ஞாபகம் வரலியா?"

"வந்துச்சு." தரையைப் பார்த்தான். "நிம்மதியா இருந்துச்சும்மா. அப்படியே விட்டுட்டேன். அவரும் அமுக்கறதை விட்டுட்டார், சலிச்சுப்போச்சு போலன்னு நெனச்சேன். டாக்டர் வந்துட்டுப் போனப்புறம்தான் எனக்கே சந்தேகமாச்சு. திரும்பச் சொருகிட்டேன். எடுத்து அமுக்குவாரு, அமுக்குவாருன்னு தெனமும் பாக்கறேன்."

"பாவி! நான் ரிமோட்டைக் கூடத்துக்கு எடுத்துட்டுப் போய் அமுக்கிக் காட்டினேனேடா! எனக்கு மாறுது, உங்களுக்குத்தான் மாறலைன்னு என் வாயாலேயே சொல்லிட்டு வந்தேனேடா அந்த மனுஷன்கிட்ட!" முகத்தில் அறைந்துகொண்டாள். மருமகள் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. பாதிப் பாவம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பக்கத்தில் நின்றுகொண்டு துடைப்பத்தைத் தேடியவள் அவள்தானே!

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே முதலில் பின்னறைக்குப் போனாள். பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை, பெற்றவள் அல்லவா? "ஏங்க, உங்க கைக்கு ஒண்ணும் இல்லையாம். அன்னைக்கு ஏதோ ஒயர் தானா கழண்டு போச்சாம். இப்ப சரியாயிடுச்சு. அமுக்கிப் பாருங்க."

கிரேன்காரர் அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷம் அவள் முகத்தையும் கையையும் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவர். கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்குக் கிடங்கில் நடந்தது நினைவுக்கு வந்தது. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் வேலை முடிந்து வெகுநேரமாகியும் இவர் வரவில்லை. பதறியடித்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். மேலே கூண்டில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் மடியில். கட்டுக் கட்டாக இரும்பு அந்தரத்தில் தொங்குகிறது. பிடியை இழுத்திருக்கிறார், பாரம் கேட்கவில்லை, கையை எடுத்துவிட்டார். பழுது பார்க்கிறவர்கள் வந்து என்னவோ செய்துவிட்டு, "ஆச்சு, இறக்கு" என்றார்கள். இவர் இறக்கவில்லை. மேலாளர் தொண்டை கிழியக் கத்தினார். அதற்கும் அசையவில்லை. கடைசியில், ஒரு திருகை முடுக்க மறந்துபோன ஆளே ஏணியேறி வந்து, இதுதான் நடந்தது என்று நேருக்கு நேராகச் சொன்ன பிறகுதான் பிடியைத் தொட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அதிசயமாக, வாயைத் திறந்து பேசினார். "யார் தப்புன்னு எனக்கு வேண்டாம். என்ன தப்புன்னு தெரியாம கையை வச்சேன்னா, கீழே நிக்கறவன் தலையில விழும்."

கிரேன்காரம்மா அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். மகன் இன்னும் செருப்போடேயே நின்றுகொண்டிருந்தான்.

"நீ போய்ச் சொல்லு."

"நான் எப்படிம்மா... நீயே சொல்லேன். கண்ணு ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொல்லிடலாம்."

"பொய் சொல்லிப் பார்த்துட்டுத்தான் வரேன். நம்பலை. செஞ்சவன் வந்து சொல்லாம அவர் கையைத் தூக்க மாட்டார். எனக்குத் தெரியும் அவரை." அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "உன் வாயால ஒரு வார்த்தை, அதுலதான் தொங்கிட்டிருக்குடா அவர் உசுரு. போ."

அவன் போனான். கட்டிலருகே குந்தி உட்கார்ந்தான். மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து நாளெல்லாம் 'மன்னிச்சுக்குங்க, பார்த்துச் சொல்றோம்' என்று சரளமாகச் சொல்லிப் பழகிய வாய்தான். இங்கே நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கிரேன்காரம்மா வாசற்படியில் நின்றாள், அவளுக்குப் பின்னால் மருமகள்.

"அப்பா," என்றான். அவர் கண்ணைத் திறந்தார்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலைப்பா. இந்த டிவிக்குப் பின்னாடி ஒரு ஒயர் இருக்கு. அது இருந்தாத்தான் நீங்க அமுக்கறது பெட்டிக்குப் போகும். அதை நான் புடுங்கிட்டேன். தானா கழறலை. நான்தான் புடுங்கினேன்." டிவி பக்கம் கையைக் காட்டினான். "நீங்க மாத்திக்கிட்டே இருக்கறது எனக்கு எரிச்சலா இருந்துச்சுப்பா. ஆட்டம் முடிஞ்சதும் சொருகணும்னு இருந்தேன். சொருகலை. உங்களுக்கு இப்படி ஆனப்புறமும் வாயைத் திறக்கலை. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்ப்பா நடந்தது."

கிரேன்காரர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிவிக்குப் பின்னால் தொங்கிய ஒயரைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார்.

படுக்கையில் விரல் அசைந்தது. முதலில் சுண்டுவிரல், அப்புறம் எல்லாமும். மணிக்கட்டு எழுந்தது. இத்தனை நாள் கிடந்த முழங்கை நடுநடுங்கிக்கொண்டு விலகியது. கிரேன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையின் தலையைத் தடவப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்தான் போலிருக்கிறது, தலையைக் குனிந்து கொடுத்தான்.

கை அவன் கன்னத்தில் விழுந்தது. அடிதான், வேறு ஒன்றுமில்லை. வலுவில்லாத அடி, ஈ உட்கார்ந்திருந்தால்கூடப் பறந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் யார் மேலும் கை வைத்ததில்லை, ஒரு தடவைகூட இல்லை. லாரிப் பாரத்தைத் தூக்குகிற கை, குழந்தை மேல் பட்டால் என்ன ஆகும் என்று, மகன் சின்ன வயதில் எத்தனையோ அட்டூழியம் செய்தபோதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கை துவண்டு படுக்கையில் விழுந்தது. கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். இந்தத் தடவை அது பாதி வழியிலேயே ஆடியது, கன்னத்துக்கு வரவில்லை.

"மாமா, வேண்டாம்!" என்று மருமகள் உள்ளே ஓடப் பார்த்தாள். கிரேன்காரம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவள் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போடா," என்றாள் மகனிடம். "அவருக்கு எட்டலை."

அவன் போனான்.